ஊரையே குற்றவாளியாக்கும் பாதுகாப்பு

வஜிரிஸ்தானையும் வாச்சாத்தியையும் ஒரே மூச்சில் சொன்னால், அரூர் நீதிமன்ற வாசலில் என்னோடு டீ குடிக்கும் சக வக்கீல்களே ஒருமாதிரி பார்க்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் பட்டாணியர்கள். கையில் துப்பாக்கி, பக்கத்தில் ஆப்கானிஸ்தான், நடுவில் தலிபான். இங்கே இருப்பவர்கள் சித்தேரி மலையிலும் அடிவாரத்திலும் சாமை விதைத்து, புளி உலுக்கிப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடிகள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்தத் தாலுகாவில் வக்கீல் தொழில் பார்க்கிறவன், தீர்த்தமலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம்.

2025 அக்டோபரில் பாகிஸ்தான் படைகளும் ஆப்கானிஸ்தானின் தலிபான் படைகளும் எல்லையில் மோதிக்கொண்டன. பிறகு தோஹாவில் போர்நிறுத்தம் பேசி முடித்தார்கள். அந்த நாட்களில் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் கேட்ட பேச்சு ஒன்றுதான்: “பட்டாணியன் முரடன், பழி வாங்காம விடமாட்டான், அவனை எவனாலும் அடக்க முடியாது.” ஒரு காலத்தில் துணி விற்றுக்கொண்டும் வட்டிக்குக் கொடுத்துக்கொண்டும் ஊர் ஊராக வந்த ‘ஈட்டிக்காரன்’ பற்றிய பழைய பயம் இன்னும் நம் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல்லப்போனால் அவர்கள் நமக்கு அவ்வளவு அந்நியர்களும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் இந்தப் பாராமகால் சீமை ஹைதர் அலியின் கைக்குப் போவதற்கு முன் கடப்பை நவாப்புகளின் ஆட்சியில் இருந்தது. அந்த நவாப்புகள் பட்டாணியர்கள்தான்.

முரட்டுக் குணம் என்று ஒரு இனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் வக்கீலுக்கு அது போதாது. அவர்களை எந்தச் சட்டம் ஆண்டது என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷார் 1893இல் டூரண்ட் கோட்டைப் போட்டுப் பட்டாணியர்களின், அதாவது பஷ்தூன்களின், மண்ணை இரண்டாகப் பிரித்தார்கள். 1901இல் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி ஒரு குலத்தைச் சேர்ந்தவன் தப்பு செய்தால் அந்தக் குலம் முழுவதுமே பொறுப்பு. அரசியல் முகவர் என்ற ஒரே அதிகாரி குலத்தார் எவரையும் பிடித்து அடைக்கலாம், அவர்கள் சொத்தைப் பறிமுதல் செய்யலாம், பகைமை காட்டும் குலத்தின் போக்குவரத்தையே முடக்கலாம், வீட்டை இடிக்கலாம். வக்கீல் கிடையாது, சாட்சியம் கிடையாது, மேல்முறையீடு கிடையாது என்பதுதான் அந்தச் சட்டத்தைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் வழக்கமாகச் சொல்வது. வெள்ளைக்காரன் 1947இல் போய்விட்டான். சட்டம் போகவில்லை. பெண்களையும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் 65 வயது தாண்டியவர்களையும் கூட்டுத் தண்டனையிலிருந்து விலக்க வேண்டும் என்ற திருத்தமே 2011இல்தான் வந்தது. அதுவரை பாட்டியையும் பேத்தியையும் பிடித்து அடைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. 2018 மே மாதம் வஜிரிஸ்தான் உள்ளிட்ட அந்தப் பழங்குடிப் பகுதிகள் கைபர் பக்துன்க்வா மாகாணத்தோடு இணைக்கப்பட்டபோதுதான் அந்தச் சட்டத்துக்கு முடிவு வந்தது.

இதே கால்வழியில் பிறந்த சட்டத்தை நாமும் அனுபவித்திருக்கிறோம். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பிறந்த குலமே குற்றத்துக்குச் சாட்சி என்ற புத்தி வடமேற்கு எல்லைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

“குலம் சேர்ந்து பொறுப்பேற்பது அவர்கள் வழக்கம்தானே, வெள்ளைக்காரன் அதைச் சட்டமாக எழுதினான், அவ்வளவுதான்” என்று வாதாடுகிறவர்கள் உண்டு. பாதி உண்மை. பஷ்தூன்களுக்கு ஜிர்கா உண்டு. ஊர்ப் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து வழக்கை முடிக்கும் சபை அது. கொலைக்குக் கொலை என்று போகாமல் இழப்பீடு பேசி முடிப்பதும் உண்டு. அந்த இழப்பீட்டைக் கொலைகாரனின் உறவுமுறை முழுதும் சேர்ந்து கட்டும். சித்தேரி மலையிலும் ஊர்க்கவுண்டர் முன்னால் கூட்டம் கூடி, அபராதம் போட்டு, அதைக் கட்ட முடியாதவனுக்குப் பங்காளிகள் பணம் புரட்டிக் கொடுப்பதை நான் அறிவேன். ஆனால் பணம் புரட்டிக் கொடுக்கிற பங்காளிக்கு அந்தக் கூட்டத்தில் உட்கார இடம் உண்டு. எழுந்து பேச வாய் உண்டு. நாளைக்கு அவனுக்கே ஒரு இடைஞ்சல் வந்தால் ஊர் வந்து நிற்கும். அந்த ஏற்பாட்டிலிருந்து அரசாங்கம் எடுத்துக்கொண்டது தண்டனையை மட்டும்தான். உட்காரும் இடத்தையும் பேசும் வாயையும் வெளியே விட்டுவிட்டது. எல்லைப்புறப் பழங்குடிப் பகுதிகளில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுரிமையே 1990களின் பின்பாதியில்தான் கிடைத்தது. அதுவரை மாலிக்குகள் என்ற, அரசு அங்கீகரித்த குலப் பெரியவர்கள் மட்டும் ஓட்டுப் போட்டார்கள். கூட்டாகப் பொறுப்பு, தனியாகக்கூட உரிமை இல்லை என்ற நிலையை எந்த ஜிர்காவும் கண்டுபிடிக்கவில்லை.

இதைச் சொல்வதால் ஜிர்காவை நான் கோயிலாக்கிக் கும்பிடவில்லை. அதில் பெண்களுக்கு இடம் கிடையாது. ரத்தப் பகையை முடிக்க ஒரு சிறுமியை எதிராளி வீட்டுக்குக் கல்யாணம் கட்டிக்கொடுக்கும் ‘ஸ்வாரா’ வழக்கம் இருந்தது, சட்டம் தடுத்த பிறகும் அங்கங்கே தொடர்கிறது. எங்கள் மலைகளிலும் பதினைந்து பதினாறு வயதில் தாலி கட்டிவிடும் வழக்கத்தை எதிர்த்து இன்னும் போராடிக்கொண்டுதான் இருக்கிறோம். தன்னைத் திருத்திக்கொள்ள ஒரு சமூகத்துக்கு மூச்சுவிட நேரம் வேண்டும். ஊரே விலங்கில் கிடக்கும்போது யார் யாரைத் திருத்துவது?

கூட்டுத் தண்டனையால் பாதுகாப்பாவது கிடைத்ததா? வஜிரிஸ்தானில் 1930களில் இப்பி ஃபகீர் என்றறியப்பட்ட மிர்ஸா அலி கானைப் பிடிக்கப் பல்லாயிரம் துருப்புகளை அனுப்பினார்கள், விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள், கிராமங்களை அழித்தார்கள். அந்த மனிதர் பிடிபடவே இல்லை. 1960இல் நோயில் இறந்தார். ஆனால் அதே பஷ்தூன் மண்ணில்தான் கான் அப்துல் கஃபார் கான் ‘குதாயி கித்மத்கார்’ என்ற அகிம்சைப் படையைத் திரட்டினார். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் ஆயுதமில்லாமல் நின்ற அந்த மக்களைப் பிரிட்டிஷார் சுட்டார்கள். முரட்டு இனம் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு நாளை எந்தக் கணக்கில் வைப்பார்கள்? 1987இல் நாம் அவருக்குப் பாரத ரத்னா கொடுத்தோம். அவருடைய மக்களை ஏனோ இன்னும் ஈட்டிக்காரனாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

2007இல் பாகிஸ்தான் தலிபான் உருவானதும் அது முதலில் வேட்டையாடியது பஷ்தூன் பெரியவர்களைத்தான். நூற்றுக்கணக்கான மாலிக்குகள் கொல்லப்பட்டார்கள். அரசாங்கப் படிக்காசு வாங்கி அதன் ஆளாக நின்றதால் மாலிக்குக்கு ஊரில் மதிப்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தது. துப்பாக்கிக்காரன் வந்தபோது அவருக்காக எழுந்து நிற்க ஊர் இல்லை. 2011 மார்ச் 17 அன்று வடக்கு வஜிரிஸ்தானின் தத்தா கேலில் சுரங்கத் தகராறு ஒன்றைப் பேசி முடிக்கக் கூடியிருந்த ஜிர்கா மேல் அமெரிக்க ஆளில்லா விமானம் ஏவுகணை வீசி நாற்பது பேர் அளவில் கொன்றது. 2014 ஜூனில் ராணுவ நடவடிக்கை தொடங்கியதும் வடக்கு வஜிரிஸ்தானிலிருந்து பத்து லட்சம் பேர் அளவில் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். அந்த டிசம்பரில் பெஷாவர் ராணுவப் பள்ளியில் பயங்கரவாதிகள் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு பக்கத்திலும் அடிபட்டவர்கள் இதே மக்கள்.

2018 ஜனவரியில் கராச்சியில் நகீபுல்லா மெஹ்சூத் என்ற வஜிரிஸ்தான் இளைஞர் போலீஸ் ‘மோதலில்’ கொல்லப்பட்டார். விசாரணைக் குழு அது போலி மோதல் என்றது. அந்தக் கோபத்திலிருந்து எழுந்த பஷ்தூன் தஹஃபுஸ் இயக்கம் மன்சூர் பஷ்தீன் தலைமையில் கேட்டதெல்லாம் அரசியலமைப்புக்கு உட்பட்டவை: கண்ணிவெடிகளை எடுங்கள், காணாமல் போனவர்களை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், சோதனைச் சாவடியில் அவமானப்படுத்தாதீர்கள். 2023 ஜனவரியில் அந்தக் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட போலீஸ் அதிகாரியும் மற்றவர்களும் விடுதலையானார்கள். 2024 அக்டோபரில் இயக்கத்துக்கே தடை. துப்பாக்கி எடுக்காதவனைத் தடைசெய்துவிட்டு எல்லை ஏன் எரிகிறது என்று கேட்கிறது ஓர் அரசு.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

மாசி மாதத் திருவிழாவுக்குச் சித்தேரி மலைப் பக்கத்து ஜனங்கள் தீர்த்தமலைக்கு வருவார்கள். ராமர் தீர்த்தத்தில் தலை நனைத்து, தீர்த்தகிரீசுவரரைக் கும்பிட்டுக் கீழே இறங்கியதும் அடிவாரத்து வீடுகளின் திண்ணைகளில் படுத்து, விடிந்ததும் எழுந்து போவார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையிலும் படுப்பார்கள். அம்மா சொம்பில் மோர் வைப்பார். அவர்கள் துணிப்பையில் முடிந்து வந்த புளியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 1992க்குப் பிறகு அவர்கள் பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்ப அவசரப்பட்டார்கள். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

1992 ஜூன் 20, சனிக்கிழமை. சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள். ஆண்களில் பெரும்பாலோர் மலைக்குள் ஓடிவிட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கிழவர்களையும் ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். கட்டையை ஒளித்துவைத்த இடத்தைக் காட்டச் சொல்லி 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் பள்ளிச் சிறுமியும் உண்டு. வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், ஆடு கோழிகளைப் பிடித்துத் தின்றார்கள், குடிதண்ணீர்க் கிணற்றில் எண்ணெயை ஊற்றினார்கள். 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் மேல் வழக்குப் போட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள்.

இருபத்தெட்டுக் குழந்தைகள். அந்த எண்ணை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு 1901இன் எல்லைப்புறச் சட்டம்தான் ஞாபகம் வருகிறது. சேலம் சிறைக்குள் போன அந்தக் குழந்தைகள் எந்த மரத்தை வெட்டினார்கள்? கடத்தல்காரனின் ஊரில் பிறந்தார்கள், அவ்வளவுதான். 1992இல் நம் நாட்டில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. சட்டமில்லாமலே அந்தச் சட்டத்தை நடத்திக் காட்டினார்கள்.

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தன. அன்றைய அரசுத் தரப்பு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1995இல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவானது. 269 பேர் மேல் குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி முதன்மை அமர்வு நீதிபதி எஸ். குமரகுரு தீர்ப்பு சொன்னபோது 54 பேர் இறந்திருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றார். அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்கள். மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச் மாதம் வாச்சாத்திக்கே வந்து இடங்களைப் பார்த்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்றார். அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மேல் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்ற நடத்தப்பட்ட நாடகத்தில் பழங்குடிப் பெண்கள் பலியானார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் முடிவு.

ஓர் இளம் வக்கீல் என்னிடம் கேட்டார்: “215 பேருக்கும் ஒட்டுமொத்தமாகத் தண்டனை கொடுத்தது மட்டும் கூட்டுத் தண்டனை இல்லையா சார்?” நல்ல கேள்வி. இல்லை. அந்த 215 பேருக்கும் பெயர் சொல்லிக் குற்றச்சாட்டு வனையப்பட்டது. வக்கீல் இருந்தார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். வாய்தா வாங்கினார்கள், வழக்கு 19 வருஷம் நடந்தது, மேல்முறையீட்டில் இன்னும் 12 வருஷம். எல்லைப்புறச் சட்டம் பட்டாணியருக்கு மறுத்த மூன்றும் அவர்களுக்குக் கிடைத்தன. கிடைக்கத்தான் வேண்டும். வாச்சாத்திக்குக் கிடைத்தது ஒரு பகல் பொழுதுகூட இல்லை.

வாச்சாத்தியில் யாரும் சந்தன மரம் வெட்டவே இல்லை என்று நான் வாதாடவில்லை. கூலிக்கு வெட்டியவர்கள் இருந்தார்கள். அந்த நாளில் கூலியைவிட்டால் மலையில் காசு பார்க்க வேறு வழி குறைவு. மரத்தை வெட்டச் சொன்னவன், லாரி அனுப்பியவன், சோதனைச் சாவடியைத் திறந்துவிட்டவன் யாரும் அந்த ஆலமரத்தடியில் நிற்கவில்லை.

இன்றைக்கு மரம் மாறியிருக்கிறது, சந்தனத்துக்குப் பதில் செம்மரம். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களோடு எங்கள் சித்தேரி மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அதற்கப்புறம் ஒருமுறை, மலையிலிருந்து ஒரு பாட்டி என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சப்பையில் ரேஷன் கார்டு, ஆதார் நகல், பேரனின் பள்ளிச் சான்றிதழ். பேரன் செம்மர வழக்கில் ஆந்திராவில் உள்ளே இருந்தான். எப்.ஐ.ஆர். தெலுங்கில். கட்டட வேலை என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிப்போன புரோக்கரின் போன் ‘சுவிட்ச் ஆஃப்’. ஜாமீன் எப்போது கிடைக்கும் என்று அந்தம்மா கேட்பார் என்று நினைத்தேன். “வக்கீலய்யா, எங்க ஊருல இன்னும் வயசுப் பசங்க இருக்காங்க. அவங்களையும் வந்து புடிப்பாங்களா?” என்றார். ஒருத்தன் மாட்டினால் ஊருக்கே கேடு என்பது அந்தம்மாவுக்கு அனுபவப் பாடம். நான் சட்டப் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

அந்தப் புரோக்கரை அவர் ஊரில் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வார்கள்? தகவல் சொன்னால் ஊரே மாட்டும் என்று நம்புகிற இடத்தில் எந்தப் போலீஸுக்கும் தகவல் வராது. தகவல் வராத இடத்தில் பாதுகாப்பு இல்லை, சோதனைச் சாவடி மட்டும்தான் இருக்கும். வஜிரிஸ்தானில் நடந்ததும் இதே. வீரப்பன் வேட்டையிலும் இதைப் பார்த்தோம். அதிரடிப்படையின் சித்திரவதைகளைச் சதாசிவா குழு விசாரித்து, 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. வீரப்பன் 2004 அக்டோபரில் எங்கள் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டது ஊர்களை அடித்து நொறுக்கியதால் இல்லை. அவரை ஆம்புலன்ஸில் ஏற வைத்த ரகசிய வேலையால்.

ஆகவே செய்ய வேண்டியவை என் பார்வையில் தெளிவாக இருக்கின்றன. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தும் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது நீதிமன்றத் தடையால் 2016 வரை முடங்கிக் கிடந்தது. சித்தேரி மலையில் ஊர் ஊராகக் கிராமசபை கூட்டி, தனி உரிமையோடு சமூக வன உரிமையையும் கொடுக்க வேண்டும். காட்டுக்கு ஊரே காவல் என்ற பொறுப்பை அப்போது கேட்கலாம், ஏனென்றால் அப்போது ஊருக்கு உட்கார இடமும் பேச வாயும் இருக்கும். ஆந்திரச் சிறைகளில் இருக்கும் மலைக்காரர்களுக்குத் தமிழ் தெரிந்த வக்கீலை அரசே ஏற்பாடு செய்ய வேண்டும், ஒவ்வொருவரின் வழக்கும் தனித்தனியாக நடக்கும்படி. வனக் காப்பாளர் பயிற்சியில் வாச்சாத்தித் தீர்ப்பு பாடமாக இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. 2023 செப்டம்பர் 29இன் உத்தரவில் இழப்பீடு இருக்கிறது, குற்றவாளிகளிடம் வசூல் இருக்கிறது, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு வேலைவாய்ப்பு இருக்கிறது, மூன்று உயர் அதிகாரிகள் மேல் நடவடிக்கை இருக்கிறது. சட்டமன்றத்தில் ஒரு நாளை ஒதுக்கி, இவை ஒவ்வொன்றும் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று வனத்துறை அமைச்சர் எழுந்து வாசிக்கட்டும். கேட்க வாச்சாத்திப் பெண்களைப் பார்வையாளர் மாடத்துக்கு அழைத்து உட்கார வைக்கட்டும்.